கடைமடைப் பாத்தி

எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஏறினேன். ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று போர் போட்டுக்கொண்டே போவோம். ஒரு ஊரில் இரண்டு நாள், இன்னொரு ஊரில் மூன்று நாள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஊர். ராடு மாட்டும்போது வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதன் பிறகு லாரியில் கிளீனர், ஜேடர்பாளையத்தில் மீன் வறுக்கிற கடை, கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கும் வேலை. எதிலும் வருசம் தாண்டவில்லை. துரத்தியதும் உண்டு, நானாகக் கிளம்பியதும் உண்டு. கடைசியில் மல்லசமுத்திரம் போகிற வழியில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் மோட்டார் போடுகிற வேலை கிடைத்தது. மோட்டார் ரூமிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டரை வருசம் இருந்தேன்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் டவுனில் ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்து, காலி செய்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். மீதிப் பேர் வாடகைக்கு வந்தவர்கள். வீடு கெட்டியாக இருந்தது. கக்கூஸ் உள்ளேயே இருந்தது. மார்க்கெட் மட்டும் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வாசல் பெட்டிக்கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தொட்டால் அமுங்குகிற தக்காளியும் இருக்கும். புதன்கிழமை ஒரு மினி ஆட்டோ, சந்தையில் விற்காமல் நின்ற காயை ஏற்றிக்கொண்டு வரும். முட்டைக்குக் குறைவில்லை. சுற்றிலும் கோழிப்பண்ணை என்பதால் ஒடசல் முட்டை தட்டுத் தட்டாக வந்து இறங்கும். காலையில் முட்டை, மத்தியானம் முட்டைக் குழம்பு. கீரையை டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிற யாராவது ஒரு கட்டு கொண்டுவந்தால் பார்க்கலாம். அதுவும் பஸ்ஸில் நசுங்கி வாடி வரும்.

இத்தனைக்கும் குடியிருப்பைச் சுற்றி மூன்று பக்கமும் பச்சைதான். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு ஆள் உயரத்துக்கு நிற்கும். அத்தனையும் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போவது. அதில் பறித்துச் சட்டியில் போட ஒரு இலை கிடையாது.

மோட்டார் ரூமுக்கு ஒட்டின கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருசன் இல்லை. சின்ன வயதிலிருந்து தோட்டம் தோட்டமாகக் கூலிக்குப் போனவர். வெங்காயம் நட, களையெடுக்க, தண்ணீர் கட்ட என்று எல்லா வேலைக்கும் போயிருக்கிறார். நான் பார்த்தபோது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே மகள். லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மாசியில், ஏழு மாதம் முடிகிற சமயத்தில் தலைப்பிரசவத்துக்காகக் கூட்டி வந்தார்கள். வயிறு மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் குச்சி. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும்.

நர்சம்மா மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மோட்டார் ரூம் நிழலில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அதனால் எல்லாம் என் காதில் விழும்.

"ரத்தம் எட்டுதான் இருக்கு. பத்தாச்சும் வேணும். மாத்திரை முழுங்குனியா?"

"முழுங்குனேனுங்க. வந்துருதுங்க."

"உள்ள போறது பூரா வெளிய வந்தா ரத்தம் எங்கிருந்து ஊறும்? கீரை தின்னு. தினமும் தின்னு. இதே மாதிரி இருந்தா பக்கத்து ஆஸ்பத்திரில பார்க்க மாட்டாங்க. சேலத்துக்குத்தான் எழுதிக் குடுப்பேன்."

அக்கா மாத்திரை அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவருடைய தங்கச்சி ரத்தம் பத்தாமல் பிரசவத்தில் செத்தவள். வழியில், வாடகைக் காருக்குள், ஆட்டையாம்பட்டி தாண்டும்போது உயிர் போனது. இதை அவர் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மகளிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலை பண்ணைக்குப் போவதற்கு முன் அவர் கட்டடத்தின் பின்பக்கம் கல் பொறுக்க ஆரம்பித்தார். ஆறு சென்ட் இடம் சும்மா கிடந்தது. கட்டடம் கட்டினபோது மிஞ்சிய செங்கல் துண்டு, காரை, டைல்ஸ் உடைசல் எல்லாவற்றையும் அதில் கொட்டி மேலே ஒரு முழம் மண் போட்டு நிரவியிருந்தார்கள். மண்ணுக்கு மேலே தலை நீட்டிய துண்டுகளைச் சட்டியில் அள்ளி மதில் ஓரம் கொட்டினார். நாலு நாள் தனியாகச் செய்தார். ஐந்தாம் நாள் நாலாவது மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். வாய் கொஞ்சம் அதிகம், கை அதைவிட வேகம்.

"ஏனுங்கக்கா, புதையல் கிதையல் இருக்குதா? சொன்னா நானும் பங்குக்கு வாரேன்."

"கீரை போடலாம்னு இருக்கேன் அம்மிணி."

"அப்பப் புதையல்தான்."

பத்து நாளில் பதினெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். இடம் சுத்தமாயிற்று. பாத்தி பிரிப்பது என்று வந்தபோது இரண்டாவது மாடிப் பெரியவர் மண்வெட்டியோடு இறங்கி வந்தார்.

அவர் ஏழு ஏக்கர் தோட்டமும் கிணறும் வைத்திருந்தவர். மகன் ரிக் வண்டி வாங்கினான். வண்டியும் போய், தோட்டமும் போய், இப்போது வாடகை வீடு. கூலிக்குப் போகிறவர்கள் தோட்டக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவது வழக்கம். அக்காவின் வாயில் முதல் நாள் பழக்கத்தில் "பண்ணாடி" என்று வந்துவிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அக்கா கவனமாக "ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டார்.

பெரியவருக்குத் தெரிந்தது தோட்டம். அதனால் தோட்டம் மாதிரியே செய்தார். நடுவில் நூறு அடிக்கு ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது பாத்தி, பாத்திக்கு ஒரு மடை. மோட்டார் ரூம் வால்விலிருந்து ஓஸ் குழாய் போட்டுப் பிடிக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். "ஓஸ்ல ஊத்துனா அது தண்ணி கட்டறதா? ஒண்ணுக்கிருக்கற மாதிரி இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். எல்லாருமே தோட்டத்தில் வேலை பார்த்த கை. ஆறு சென்ட் இடத்தில் ஐந்து ஏக்கருக்கான வாய்க்கால் அழகாக வந்தது. கரை தட்டி, சாணி கரைத்து மெழுகாததுதான் குறை.

எனக்கு அப்போதே தெரியும். போர் போடுகிறவனுக்கு நிரவின மண் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று தெரியாமல் இருக்காது. கீழே செங்கல் ஜல்லி. ஆனால் என் வேலை வால்வு திறப்பது. கேட்காத இடத்தில் சொல்லி இரண்டு வேலை போயிருக்கிறது. சும்மா இருந்தேன்.

யாருக்கு எந்தப் பாத்தி என்று சீட்டுக் குலுக்கின அன்று அக்கா மகளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார். எல்லாரும் எடுத்த பிறகு மீந்த சீட்டு அவருக்கு. அது வாய்க்காலின் கடைசிப் பாத்தி.

"மொதல்ல கல்லுப் பொறுக்குனது நானுங்க" என்றார் அக்கா.

"சீட்டுன்னா சீட்டுத்தான். என்னுதும் சீட்டுல வந்ததுதான்" என்றார் பெரியவர். அவருடையது முதல் பாத்தி. அதில் திருட்டு எதுவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குடியிருப்பு போரில் தண்ணீர் இரண்டு மணி நேரம் வரும், பிறகு காற்று வாங்கும். ஒன்றரை மணி நேரம் மேல் தொட்டிக்கு. தொட்டி நிரம்பினதும் மீதி அரை மணி தோட்டத்துக்கு. வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசி வைத்திருந்தார்கள். குடிக்கவே அளவாகத்தான் வந்தது, அதனால் அதை யாரும் மறுக்கவில்லை. முறை என்றால் தலைமடையிலிருந்துதான். முதல் பாத்தி நிறைந்து மடை அடைத்த பிறகு இரண்டாவது. தோட்டத்தில் அப்படித்தான்.

பங்குனி வெயில். முதல் நாள் தண்ணீர் பதினோராவது பாத்தி வரை போயிற்று. இரண்டாம் நாளும் பதினொன்று. மூன்றாம் நாள் பத்து. கடைசி ஏழு பாத்திக்காரர்களில் மூன்று பேர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அக்கா விதைத்த தண்டுக்கீரை முளைத்து இரண்டு இலை விட்டது. அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், எல்லாவற்றையும் ஒரு வாளியில் பிடித்துக் கொண்டுபோய் ஊற்றுவார். போதவில்லை. பன்னிரண்டாம் நாள் பாத்தி வெறும் மண்ணாக இருந்தது. முதல் பாத்தியில் கீரை ஒரு சாண் நின்றது.

அவர் பெரியவரிடம் கேட்டார். நான் வால்வு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வாரத்துல ரெண்டு நாள் கடைமடையில இருந்து வரட்டுங்க. மத்த நாள் உங்க இஷ்டம்."

"மொறைய மாத்துனா அப்பறம் மொறையே இல்ல. எங்க கெணத்துல நாலு பங்காளி. முப்பது வருசம் ஒருத்தன் ஒரு நிமிசம் மாத்துனதில்ல."

"எனக்கு மொறை தெரியாதுங்களா? உங்க மாதிரி எத்தன தோட்டத்துல மடை மாத்தியிருக்கேன். நடுவெய்யில்ல தண்ணிக்குக் காவல் நின்னிருக்கேன். எனக்குன்னு ஒரு மொறை இப்பத்தான் வந்துருக்குது. அதுலயும் தண்ணி இல்லைன்னா என்னுங்க பண்றது?"

"வரும். கரை ஊறுனா வரும். ஊறாத வாய்க்கால் அப்பிடித்தான் குடிக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

அன்று சாயங்காலம் நர்சம்மா வந்தார். ரத்தம் எட்டாகவே இருந்தது. மகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ரத்தமும் எங்கம்மா பாத்தியும் ஒண்ணு. ரெண்டுலயும் ஒண்ணும் மொளைக்கல" என்றாள். அக்கா பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் விடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். தொட்டி நிரம்புவதற்குக் கால் மணி முன்னாலேயே தோட்டத்து வால்வைத் திறந்துவிட்டு, எல்லா மடையையும் நானே அடைத்து, தண்ணீரை நேராகக் கடைசிப் பாத்திக்கு ஓட்டினேன். முக்கால் மணி விட்டும் நாலு குடத் தண்ணீர்தான் போய்ச் சேர்ந்தது. யாரும் சொல்லவில்லை. இரக்கம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரமாகத் தண்ணீர் வீணாவதைப் பார்த்து எரிச்சலாக இருந்தது. அக்கா எழுந்து வந்தபோது பாத்தி ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். உள்ளே போய் மீதி விதையை எடுத்து வந்து தூவினார்.

எட்டு மணிக்கு நாலாவது மாடியில் குழாய் நின்றுவிட்டது.

"மோட்டார்காரரே, தலைக்குச் சீயக்காய் தேய்ச்சுட்டு நிக்கறேன். நீங்க வந்து தண்ணி ஊத்தறீங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. நாலு மாடியும் சிரித்தது. பிறகு ஏன் நின்றது என்று விசாரித்தார்கள். ஈரப் பாத்தி காட்டிக் கொடுத்தது.

பெரியவர் கத்தவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"வால்வு உன் கையில இருக்குதுங்கறதுக்காக மொறை உன் கையில இல்ல."

"அரை மணியில தண்ணி அங்க போகாதுங்க" என்றேன். "எத்தன வருசம் ஊறுனாலும் போகாது. கீழ பூரா செங்கல்."

"அரை மணி சரியா விட்டாப் போகும்."

"போகாதுங்க."

"நாளைக்கு நான் கூடவே நடக்கறேன். போச்சுன்னா நீ மூட்டையைக் கட்டிக்கோணும்."

சரி என்றேன். மூட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பையில் அடங்கும்.

மறுநாள் தொட்டி நிரம்பினதும் வால்வைத் திறந்தேன். பதினெட்டு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். அக்கா கடைசிப் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தார், மகள் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார். எல்லா மடையும் அடைத்திருந்தது. ஒரு பாத்திக்கும் விடாமல் வெறும் வாய்க்காலில் தண்ணீரைக் கடைசி வரை கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொன்னார். தண்ணீரின் தலைக்குக் கூடவே நடந்தார். குப்பை தட்டினால் மண்வெட்டியால் தள்ளிவிட்டார். ஐம்பது அடி வரை வேகமாகப் போனது. அறுபதில் மெதுவானது. எழுபது அடியில் ஒரு இடத்தில் சின்னதாகச் சுழித்து உள்ளே இறங்கியது. அவர் மிதித்து மூடினார். கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்தில் இறங்கியது. அதையும் மூடினார். காலுக்கடியில் நுரை வந்தது. தண்ணீர் அப்படியே நின்றது. அவரும் நின்றார். அரை மணி ஆனதும் போர் காற்று வாங்கும் சத்தம் கேட்டது. அக்காவின் பாத்திக்கு இன்னும் இருபது அடி இருந்தது.

பெரியவர் மண்வெட்டியில் ஒட்டின மண்ணைக் கட்டை விரலால் வழித்தார்.

"நாளையில இருந்து கொடம்" என்றார். "வால்வுல புடிச்சுத் தூக்கோணும். பாத்திக்கு ஆறு கொடம். மொதப் பாத்திக்கும் ஆறுதான், கடைசிப் பாத்திக்கும் ஆறுதான்."

"ஏனுங்க, அப்ப இந்த வாய்க்கால் எதுக்குங்க? வெட்டி வெட்டிக் கையெல்லாம் கொப்புளம்" என்றார் நாலாவது மாடி அம்மா.

"கொப்புளம் ஆறீரும் அம்மிணி. வாய்க்காலை மூடிட்டா இன்னும் நாலு பாத்தி வரும்."

என் மூட்டையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு காலை அரை மணி நேரம் வரிசையாகக் குடம்தான். எண்ணுவது பெரியவர். சங்கத்தில் எழுதி வைத்தது போல எண்ணுவார். அவர் வீட்டம்மா ஏழாவது குடம் தூக்கினபோது அதையே திருப்பி ஊற்றச் சொன்னார். விட்டுப் போன மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

மறுபடி விதைத்த இருபத்து நாலாம் நாள் அக்கா கீரை அறுத்தார். மற்றவர்கள் அவரவர் பாத்தியின் முதல் அறுப்பை வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு வைத்துவிட்டுத்தான் சட்டியில் போடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அக்கா அறுத்தது செவ்வாய்க்கிழமை.

"அம்மனுக்கு வெக்கறதுக்கு முன்னாடி அறுத்துட்டயா?" என்று பெரியவர் கேட்டார்.

"அம்மனுக்கு ரத்தம் எட்டாவா இருக்குதுங்க?" என்றார் அக்கா.

பெரியவர் மாடி ஏறிப் போனார்.

கீரை கடைந்தது, கீரைப் பொரியல், கீரைத் தண்டுக் குழம்பு என்று அந்த வீட்டில் வேறு வாசமே இல்லை. பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் முட்டை கொடுத்துவிட்டு அரைக்கீரை வாங்கினார். மகள் வாசலில் உட்கார்ந்து சொல்வாள்: "எங்கம்மா என்னைய ஆடுன்னு நெனச்சுட்டாங்க. தழையா கொண்டாந்து கட்டறாங்க. இனி வெளிய முளைக்குச்சி அடிக்கறது ஒண்ணுதான் பாக்கி." ஆனால் தின்றாள். மாத்திரை போலக் கீரை திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்க ஆரம்பித்தது. பதினைந்து நாள் கழித்து நர்சம்மா ஊசி குத்திப் பார்த்தபோது ஒன்பதரை.

"கீரையாலயாங்க, மாத்திரையாலயாங்க?" என்று அக்கா கேட்டார்.

"எதால ஏறுனா என்ன? இன்னும் அரை ஏறட்டும். பத்து நாள் டைம் இருக்கு."

பத்து நாள் இருக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் வலி வந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கே போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டி எந்த வழியாகப் போகும் என்று டிரைவரிடம் கேட்டார். ஆட்டையாம்பட்டி வழியாக என்றார் அவர். சரி என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினார்.

நான்கு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. பெண் குழந்தை. தாய்க்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், பேசுகிறாள். அக்கா அவ்வளவுதான் சொன்னார்.

பதினோரு நாள் அவர் சேலத்தில் இருந்தார். கடைசிப் பாத்திக்கு யார் ஊற்றுவது என்று பேச்சே எழவில்லை. முதல் நாள் பெரியவர் ஆறு குடம் எண்ணினார், நாலாவது மாடி அம்மா தூக்கினார். அடுத்த நாள் வேறொருவர். ஒரு நாள் பெரியவரே தூக்கினார், பாதி வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்து. ஒரு நாளும் விடவில்லை. ஆனால் யாரும் அறுக்கவில்லை. வைகாசி வெயிலில் கீரை முழங்கால் தாண்டி, இடுப்பு வந்து, பூ விட்டது. தண்டு விறகு மாதிரி ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை, குடம் தூக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மகள் குழந்தையோடு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது, கண் தெளிவாக இருந்தது. எல்லாரும் குழந்தையைப் பார்க்கப் போனார்கள். அக்கா நேராகப் பாத்திக்கு வந்தார். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, நார் தொங்கியது.

"தண்ணி ஊத்துனவங்க அறுத்துத் தின்னிருக்கலாமில்லங்க?"

"அடுத்தவங்க பாத்தியில கை வெக்கற பழக்கம் நமக்கு இல்ல அம்மிணி" என்றார் பெரியவர். "ஆனா தண்ணி ஒரு கொடம் கொறையல. ஆறுன்னா ஆறு."

"பதினோரு நாள் தண்ணிய வெறகுக்கு ஊத்தியிருக்கீங்க."

பெரியவர் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியைப் பிடுங்க ஆரம்பித்தார். நாலு செடி பிடுங்கினார். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதுவரை அவர் எதையும் மாற்றுக் கொடுக்காமல் கேட்டதில்லை.

"இன்னைக்கு ஆரு பாத்தியில அறுக்கற பதத்துல இருக்குது? அவளுக்கு இன்னும் ரத்தம் ஊறோணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. ஆருதா இருந்தாலும் நான் அறுத்துக்குவேன்."

பெரியவர் முதல் பாத்தியில் குனிந்து சிறுகீரையை அறுத்தார். நாலாவது மாடி அம்மா ஓடி வந்து தடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சிறுகீரை குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், அரைக்கீரைதான் கொடுக்க வேண்டும் என்றார். பெரியவர் வீட்டம்மா அதற்கு, என் மூணு பிள்ளைக்கும் சிறுகீரைதான் தின்றேன், எதுக்கும் சளி பிடிக்கவில்லை என்றார். ஒருத்தன் ரிக் வண்டி வாங்கினானே, அது எந்தக் கீரை தின்றதனால் என்று நாலாவது மாடி அம்மா கேட்டார். பெரியவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தார்கள். அறுத்த கீரை அவர் கையிலேயே இருந்தது.

வாசற்படியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"எந்தக் கீரையா இருந்தாலும் சீக்கிரம் அறுத்துட்டு வாங்க. எனக்குப் பசிக்குது."